சும்மா நின்ற கட்டை

கைத்தடம் இன்னும் போகவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு லேபின் கீழ்த்தளத்துக்கு இறங்கி, சோதனை அறையைத் திறந்து, மிஷினைச் சுற்றித் தொங்கிய கறுப்புத் துணியை விலக்கி உள்ளே போய், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தெர்மல் கேமராவைப் போட்டபோதுதான் மூத்தவளுக்கு அது தெரிந்தது. திரையில் மிஷின் நீலமாக இருந்தது. சுவர் நீலமாக இருந்தது. மிஷினுக்குப் பக்கத்தில், இரும்பு ஸ்டாண்டின் மேல் நிற்கவைத்திருந்த கான்கிரீட் கட்டையில் மட்டும், அத்தனை நீலத்துக்கும் நடுவே, ஆரஞ்சு நிறத்தில் ஒரு கை. ஐந்து விரல்கள், உள்ளங்கை, வெளிப்பக்கமாகக் கோணிய சுண்டுவிரல்.

அந்தக் கோணலை வைத்தே சொல்லிவிடலாம். அது அவளுடைய கை. சனிக்கிழமை மதியம் அவள்தான் வைத்தாள்.

வெறும் கையைக் கான்கிரீட் மேல் அரை நிமிடம் வைத்தால் அந்தச் சூடு கேமராவில் தெரியும். ஐந்து நிமிடத்தில் மங்கும், கால் மணி நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் போகும். நடுவில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கை அங்கேயேதான் இருந்தது.

கான்கிரீட்டைக் களைக்க வைப்பதுதான் இந்த லேபின் வேலை. பாலம் ஒரு பெரிய லாரிக்குப் பயப்படாது. தினமும் வந்து போகும் சாதாரண லாரிகள்தான் அதை உள்ளுக்குள் அலுக்க வைத்து ஒருநாள் உடைக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட சுமைக்குக் கீழே இருந்துவிட்டால் எத்தனை லட்சம் தடவை மிதித்தாலும் அது அசையாது. அந்த எல்லைக்குக் களைப்பு வரம்பு என்று பெயர். அதைக் கண்டுபிடிக்க மூத்தவள் இருபத்திரண்டு வருடமாக ஒரே வழியைத்தான் பின்பற்றினாள். கட்டையை மிஷினில் நிறுத்தி, நொடிக்கு ஐந்து முறை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, இருபது லட்சம் வரை எண்ணுவது. ஒரு சுமைக்கு ஐந்து நாள். ஒரு கான்கிரீட்டுக்கு இரண்டு மாதம். மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் கீழே மிஷினின் சத்தம் அரை மாத்திரை மாறினால் டம்ளரை வைத்துவிட்டு ஓடுவாள்.

அப்புறம் இளையவள் வந்தாள், வெளியூரில் படித்த படிப்போடும் கையில் ஒரு கேமராவோடும். கூடப் பிறந்தவள். பத்து வயது சிறியவள். அப்பா போனபின் மூத்தவள் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போய்ப் படிக்கவைத்தது இவளைத்தான். "களைக்கிற கான்கிரீட் சூடாகும் அக்கா," என்றாள். வரம்புக்குக் கீழே அழுத்தினால் கட்டை லேசாகச் சூடாகி அப்படியே நின்றுவிடும். வரம்பைத் தாண்டினால் சூடு நிற்காமல் ஏறும். சுமையைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே கேமராவில் பார்த்தால் எந்தப் படியில் சூடு நிற்காமல் போகிறது என்று அரை நாளில் தெரிந்துவிடும். செய்தும் காட்டினாள். கட்டையை ஒரே அடியில் உடைக்கும் சுமையில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. இரண்டு மாதம் எண்ணி மூத்தவள் கண்டுபிடித்து வைத்திருந்த அதே ஐம்பத்தெட்டு.

எல்லோரும் கைதட்டினார்கள். மூத்தவளும் தட்டினாள். தட்டும்போது அடிவயிற்றில் ஒன்று பற்றிக்கொண்டது. அதற்கு வேறு பெயர் வைத்து ஏமாற்றிக்கொள்ள அவள் முயலவில்லை, பொறாமைதான். பச்சைப் பொறாமை. இருபத்திரண்டு வருடத்தை ஒருத்தி மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டாள்.

சனிக்கிழமை பெரிய இன்ஜினியர் முன்னால் புதுப் பாலத்துக்கான கான்கிரீட்டை வைத்துக் கடைசிச் சோதனை. இளையவளின் எண்ணும் மூத்தவளின் எண்ணும் ஒத்துப்போனால் இனி லேபில் கேமராதான். கேமரா என்றால் இளையவள்தான். மாடியில் ஜன்னலோரத்து நாற்காலி, லேப் பொறுப்பாளர் நாற்காலி, அவளுக்குத்தான்.

இந்தச் சோதனையில் எப்போதும் இரண்டு கட்டைகள் இருக்கும். இரண்டும் ஒரே கலவை, ஒரே நாளில் வார்த்தவை, ஆள் அகலம்கூட இல்லாமல் இடுப்பிலிருந்து தலை உயரத்துக்கு நிற்பவை. ஒன்று மிஷினுக்குள் அடி வாங்கும். இன்னொன்று பக்கத்தில் வேடிக்கை பார்க்கும். அறையே சூடானால் இரண்டும்தானே சூடாகும்? அதனால் வேடிக்கை பார்ப்பதன் சூட்டைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது களைப்பின் சூடு மட்டும். லேபில் அதற்குச் சும்மா என்று பெயர். "சும்மாவைத் தொடாதே" என்பதுதான் அறையின் ஒரே சட்டம். கையுறை இல்லாமல் யாரும் அதன் பக்கம் போகக்கூடாது.

மூத்தவள் கையுறையைக் கழற்றினாள். இளையவள் துணிக்கு வெளியே பெரிய இன்ஜினியருக்கு வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருக்க, சுமை ஒவ்வொரு படி ஏறும்போதும், எதையோ சரிசெய்வதுபோல உள்ளே போய்ச் சும்மாவின் மேல் கையை வைத்தாள். சும்மாவின் சூடு ஏறியது. கழிக்கவேண்டியது கூடியது. களைத்துப் போய்க்கொண்டிருந்த கட்டை களைக்காததுபோலக் கணக்கில் தெரிந்தது. கம்ப்யூட்டர் எண்களை மட்டும்தான் சேமிக்கும், படங்களைச் சேமிக்காது என்பது அவளுக்குத் தெரியும். மாலையில் இளையவளின் எண் எழுபத்தொன்று என்று வந்தது. மூத்தவள் முன்பே எண்ணி வைத்திருந்தது ஐம்பத்தொன்பது.

இளையவள் அழவில்லை. அதுகூட மூத்தவளுக்குக் கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது. மற்றபடி அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

இப்போது அந்தக் கை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஈரத் துணியால் துடைத்தாள். மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாள். ஆரஞ்சு நிறம் இன்னும் கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. கேமராவில் மஞ்சள் என்றால் இன்னும் சூடு. இடது கையால் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. அப்போதுதான், எதற்கென்று தெரியாமலே, வலது கையைக் கேமராவுக்கு முன்னால் நீட்டினாள்.

திரையில் மணிக்கட்டோடு கை முடிந்துவிட்டது. அதற்கு மேல் சுவர்தான் தெரிந்தது. விரல்களை மடக்கினாள், விரித்தாள். நேரில் பார்த்தால் கை இருக்கிறது, அசைகிறது. கேமராவுக்கு அது சுவரின் அதே நீலம்.

அன்று முழுக்கக் கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இளையவள் சனிக்கிழமையிலிருந்து அறையைவிட்டு வரவில்லை. வியாழன்வரை லீவு சொல்லிவிட்டாள். அம்மா தட்டோடு கதவுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"சின்னவ ரெண்டு நாளா எதுவும் சாப்பிடல. நீயாவது போய்ப் பேசேன்."

"பசிச்சா தானா வருவா."

"என்னடி இப்படிப் பேசற? உன் கூடப் பிறந்தவதானே?"

நாற்பத்தொரு வருடத்தில் தான் சாப்பிட்டோமா என்று அம்மா எத்தனை தடவை கேட்டிருக்கிறாள் என்று மூத்தவள் யோசித்தாள். மூன்று வயதில் இளையவள் கதவை அறைந்து சாத்தியதில்தான் மூத்தவளின் சுண்டுவிரல் நசுங்கிக் கோணியது. அன்றும் அம்மா ஓடிப்போய்த் தூக்கியது பயந்து அலறிய சின்னவளைத்தான். நினைத்த அந்த நொடியில் மணிக்கட்டில் இருந்த குளிர் முழங்கைக்கு ஏறியது. ஏறுவதை அவளால் உணர முடிந்தது, சட்டைக்கையை யாரோ மெல்ல உருவுவதைப்போல.

அறைக்குள் போனாள். இளையவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எங்க தப்பு பண்ணேன்னே தெரியல அக்கா. எல்லாத்தையும் நூறு தடவை பார்த்துட்டேன்."

"மிஷின் விஷயம். சில நேரம் அப்படித்தான்."

"உனக்கு ஏதாவது தோணுதா? நீதானே உள்ள போயிட்டு வந்துட்டிருந்த."

இப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். நாக்கு நுனிவரை வந்தது. இளையவள் திரும்பி அவள் கையைப் பிடித்தாள், பிடித்தவுடனே விட்டுவிட்டாள்.

"ஐயோ, கை என்ன இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"பாத்திரம் கழுவினேன்," என்றாள் மூத்தவள். சொல்லவேண்டியதை விழுங்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை கட்டையில் கைக்குப் பின்னால் ஒரு முழங்கை தெரிந்தது. அப்போதுதான் தான் பார்ப்பது மேலே பதிந்த தடம் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. கட்டைக்கு உள்ளே இருந்து யாரோ கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள். கதவை ஒரு சாண் திறந்து வைத்தால் அந்தப் பக்கம் நிற்பவர் எவ்வளவு தெரிவாரோ அவ்வளவு தெரிந்தது.

புதன்கிழமை தோள். அந்தத் தோளுக்கு மேலே, மங்கலாக, ஒரு கன்னம்.

அறையில் ஈரச் சிமெண்டு வாசனை அடித்தது. இரண்டு மாதத்துக்கு முன்பே காய்ந்துபோன கட்டைகள் அவை. மிஷின் ஓடவில்லை, ஆனால் துணிக்கு உள்ளே நின்றால் எங்கோ மெல்ல, நொடிக்கு ஐந்து என்று, ஒரு துடிப்பு கேட்பதுபோல இருந்தது. மூத்தவள் சும்மாவின் மேல் ஒரு போர்வையைப் போட்டாள். போர்வையும் அதே இடத்தில் மஞ்சளானது.

வியாழக்கிழமை அந்த முகம் திரும்பியிருந்தது. அரை முகம்தான், கட்டையின் அகலத்துக்கு எவ்வளவோ அவ்வளவு. சூடான அந்த முகத்தில் கண் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் வட்டமாகக் கறுப்பு. கேமராவில் ஒன்றுதான் அப்படிக் கறுப்பாகத் தெரியும் என்று இளையவள் முதல் நாளே சிரித்துக்கொண்டு காட்டியிருந்தாள். "பாரு அக்கா, நீ பேய் மாதிரி இருக்க. மூக்குக் கண்ணாடியைத் தாண்டிச் சூடு வராது."

மூத்தவள் தன் கண்ணாடியைக் கழற்றினாள். கட்டைக்குள் இருந்த முகத்திலும் கறுப்பு வட்டம் இறங்கியது. ஒரு கண் அவளையே பார்த்தது.

ஓடி மாடிக்கு வந்துவிட்டாள். வெயில் விழுந்த படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெயில் தோல்வரை வந்தது, உள்ளே போகவில்லை. வலது பக்கம் மார்புவரை மரத்துப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை இளையவள் வேலைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது, தலை வாரியிருந்தாள். பெரிய இன்ஜினியர் இருவரையும் நிற்கவைத்தே பேசினார்.

"இந்தக் கலவையில ஒரே ஒரு கட்டைதான் மிச்சம். அந்தச் சும்மா. அதை மிஷின்ல ஏத்தி அக்கா சொன்ன எண்ணுக்குக் கீழ இருபது லட்சம் ஓட்டுங்க. தாங்கினா அவங்க எண்ணை நம்பிப் பாலத்தைக் கட்டலாம். அதை வச்சு உன் தப்பைத் தேடு."

"சரி சார்," என்றாள் இளையவள். "நான் என் கணக்கு நோட்டை எடுத்துட்டு வரேன்."

அவள் நகர்ந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிடறேன்மா. எது சரின்னு வந்தாலும் ஒண்ணாந்தேதியிலேர்ந்து லேப் அவ பொறுப்புலதான். சின்ன வயசு, தப்பைத் திருத்திக்குவா. நீங்க இந்த லேபுக்கு அஸ்திவாரம். ஆனா மேல யாராவது நிக்கணும் இல்ல?"

மூத்தவள் தலையாட்டினாள். அஸ்திவாரம். மண்ணுக்குள் புதைத்துவிட்டு மறந்துவிடும் சாமான். செய்த பாவமும் வீண், பட்ட பயமும் வீண். தோற்றும் இளையவள்தான் ஜெயித்தாள். பிறந்த நாளிலிருந்தே அவள்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறாள்.

படிகளை இரண்டிரண்டாக இறங்கினாள். இளையவள் வருவதற்குள் அந்த முகத்தை எப்படியாவது அழித்தாக வேண்டும். அதை அவள் பார்த்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். துணியை விலக்கினாள், போர்வையைப் பிடுங்கினாள். கேமராவைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் கட்டையைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே மாடியில் ஜன்னலோரத்து நாற்காலியையும், அதில் கால்மேல் கால் போட்டு இளையவள் உட்கார்ந்திருப்பதையும், அம்மா டிபன் டப்பாவோடு அவள் எதிரே நிற்பதையும் நினைத்தாள். நினைப்பை நிறுத்த முடியவில்லை. நிறுத்தவும் பிடிக்கவில்லை.

கைகள் கட்டையில் ஒட்டிக்கொண்டன.

குளிர் ஏறியது. கழுத்து. தாடை. இடது தோள். நெஞ்சுக்குள் கடைசியாகச் சூடாக இருந்த ஓர் இடம். அதுவும்.

அப்புறம் வலி இல்லை.

கண்ணைத் திறந்தபோது கேமரா எதிரே இருந்தது. இவ்வளவு நேரம் முதுகுக்குப் பின்னால் இருந்த கேமரா. அறை ஒரு சாண் அகலத்துக்குத்தான் தெரிந்தது. கைகளை எடுக்கப் பார்த்தாள். எடுக்க இடமில்லை. பின்னால் நகரப் பார்த்தாள். பின்னால் எதுவுமில்லை.

எதிரே ஒருத்தி நின்றாள். லேப் கோட்டு. மூக்குக் கண்ணாடி. கோணல் சுண்டுவிரல். கட்டையிலிருந்து கையை எடுத்து, சிமெண்டுத் தூளை மெல்லத் தட்டிக்கொண்டாள்.

துணி விலகியது.

"அக்கா? தனியா என்ன பண்ற?"

"வாடி சின்னு," என்றாள் எதிரே நின்றவள்.

இருபது வருடமாக மூத்தவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இளையவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சனிக்கிழமை சும்மா மேல கை வச்சது நான்தான். வேணும்னேதான் வச்சேன். உன் கணக்குல தப்பு இல்ல. எனக்குப் பொறாமை, அவ்வளவுதான். இப்ப அது இல்ல. சத்தியமா துளிகூட இல்ல. சார்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

இல்லை, அது நான் சொல்லவேண்டியது என்று மூத்தவள் கத்தினாள். வாயைத் திறக்க முடிந்தது. காற்றுதான் இல்லை.

இளையவள் அழுதாள். சனிக்கிழமை அழாததையும் சேர்த்து அழுதாள். அக்காவைக் கட்டிக்கொண்டாள். "ஏன் அக்கா உடம்பு இப்படிக் குளிருது?" என்று அவள் தோளில் சாய்ந்து கேட்க, "இனிமே அப்படித்தான்," என்று தலையைத் தடவிக்கொடுத்தாள் அவள். அம்மா அங்கே இருந்திருந்தால் பார்த்துப் பூரித்துப்போயிருப்பாள்.

"அப்ப இந்த டெஸ்டே தேவையில்லையே," என்றாள் இளையவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

தேவையில்லை. தேவையில்லை. ஆமாம் என்று சொல்.

"சார் சொல்லிட்டாரு, ஓட்டிடலாம். ஒரு பக்கம் பிடி."

சங்கிலி சத்தம் கேட்டது. அறை ஆடியது. மேலே ஓர் இரும்புத் தட்டு, கீழே ஓர் இரும்புத் தட்டு. இருபத்திரண்டு வருடமாக அவளே எண்ணெய் போட்ட தட்டுகள். எதிரே கேமராவின் கண். அதன் பக்கத்தில், அவள் பார்க்கும்படி, அடிகளை எண்ணும் கவுண்டர். ஏழு பூஜ்யம்.

"எவ்வளவுல வைக்கட்டும்?"

"ஐம்பதுல வை. வரம்புக்கு நல்லா கீழ. உடையவே உடையாது."

"இருபது லட்சத்துல நிறுத்திடலாமா?"

"நிறுத்தாத. ஓடட்டும். எவ்வளவு நாள் தாங்குதுன்னு பார்ப்போம்."

அக்காதான் பொத்தானை அழுத்தினாள்.

ஒன்று.

மண்டையிலிருந்து குதிகால்வரை.

இரண்டு. மூன்று.

"அக்கா, இங்க பாரேன்," இளையவள் கேமராத் திரைமேல் குனிந்திருந்தாள். "நடுவுல சூடா ஏதோ தெரியுது. வாய் மாதிரி."

மற்றவள் வந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"ஆரம்பத்துல அப்படித்தான் ஏறும். அப்புறம் ஒரே நிலைக்கு வந்து நின்னுடும். நீதானே சொல்லிக் கொடுத்த?"

இளையவள் சிரித்துவிட்டாள். விளக்கை அணைத்தார்கள். கறுப்புத் துணி விழுந்தது. படிக்கட்டில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே ஏறும் சத்தம், நடுவில் அக்காவின் சிரிப்பு, மேலே கதவு சாத்தும் சத்தம்.

இருட்டில் கவுண்டரின் சிவப்பு எண்கள் மட்டும் தெரிந்தன. நொடிக்கு ஐந்து. முந்நூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்றுப் பதின்மூன்று. பக்கத்தில் ஆளில்லாத திரையில், நீலத்துக்கு நடுவே, ஒரு சாண் அகலத்தில் அரை முகம் வாயைத் திறந்தபடி மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் சூடு இன்னும் ஒரு புள்ளி ஏறி, நின்றது. கட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.